என்னைக் கேட்டிருக்கலாமே, சார்

1987 ஆவணி மாதம். நான் இளநிலை உதவியாளராக இருந்த கல்லூரி அலுவலகத்துக்குப் பகண்டை கூட்டுரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம்தான். அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். பெஞ்சில் உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, ஒரு சின்ன உதவி. உங்க காலேஜ்ல பி.ஏ. மூணாவது வருசம் படிக்கிற பொண்ணை நம்ம பையனுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். வயசு என்னன்னு நோட்டுல பார்த்துச் சொல்லுப்பா. அரியர் எதுவும் இருக்கான்னும் பாரு."

பீரோவைத் திறந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தேன். காலிகோ பைண்டிங் போட்ட பெரிய நோட்டு. வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், சாதி, பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, அங்க அடையாளம். பிறந்த தேதியைப் படித்துக் காட்டினேன். பக்கத்து மேசையில் இருந்த மார்க் பதிவேட்டைப் புரட்டி, ஆங்கிலத்தில் ஒரு அரியர் இருப்பதையும் சொன்னேன். இரண்டு நிமிட வேலை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்தச் சம்பந்தம் முறிந்துபோனது. பெண் வீட்டார் கொடுத்த ஜாதகத்தில் இருந்த வயதைவிட எங்கள் நோட்டில் இருந்த வயது ஒன்றேகால் வருடம் கூடுதல். வயதை மறைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று பிள்ளை வீட்டார் ஊரெல்லாம் சொன்னார்கள். மறு வருடம் அந்தப் பெண் டி.சி. வாங்க வந்தாள். கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டாள். போகவில்லை; மேசைக்கு முன்னால் நின்றாள். "சார், அந்த நோட்டுல இருந்தது என்னோடதுதானே? சொல்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாமே, சார்" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 35 வருடம் கல்லூரி அலுவலகங்களில் பதிவேடுகளோடு இருந்துவிட்டு 2016-இல் ஓய்வு பெற்றேன். அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது. மாணவர் பதிவேடு என்ற பொருள் நம் பக்கத்தில் எப்படி வந்தது, யார் யார் கண்ணில் பட்டது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியதே அதனால்தான்.

ஜாதகம் சொன்னதுதான் உண்மை, எங்கள் நோட்டு சொன்னது பொய் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்று யாரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். என் பிறந்த நாளும் அப்படி வந்ததுதான். அம்மா கணக்கில் நான் ஐப்பசியில் பிறந்தவன். சர்க்கார் கணக்கில் 1958 ஜூன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன்தான். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாத்தியார் தாராளமாக வயதைக் கூட்டி எழுதியிருக்கிறார். தப்பான தேதியைச் சரியென்று நம்பி, கேட்காதவளைப் பற்றி, கேட்கக் கூடாதவருக்குச் சொன்னேன்.

மாணவர்களைப் பற்றிச் சர்க்கார் கணக்கெடுக்கத் தொடங்கியது சென்னை மாகாணத்தில் 1822-இல். கவர்னர் தாமஸ் மன்றோ அந்த வருடம் ஜூன் மாதம் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார். தென் ஆற்காடு கலெக்டரிடமும் கேட்டார். எங்கள் ஊர் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1826-இல் மன்றோ கையில் முழுக் கணக்கு இருந்தது: மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அந்த அட்டவணையில் ஒரு பிள்ளையின் பெயர்கூடக் கிடையாது. இன்ன சாதியில் இத்தனை ஆண், இத்தனை பெண் என்ற தலைக்கணக்கு மட்டும். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதி, ஓலையில் படித்த பிள்ளை எப்படிப் படித்தான் என்பது அவன் வாத்தியாருக்கும் அவன் வீட்டுக்கும் தெரியும். எழுதி வைத்துக்கொண்டு பத்து வருடம் கழித்து எடுத்துக்காட்ட எவரும் இல்லை.

பெயரும் மார்க்கும் ஒரே நோட்டில் சேர்ந்தது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில். 1911-இல் பழைய மெட்ரிகுலேஷன் தேர்வுக்குப் பதிலாக அந்தத் திட்டம் வந்தது. அதைச் சான்றிதழ் என்று யாரும் சொன்னதில்லை, புத்தகம் என்றுதான் சொன்னார்கள். வேலைக்கு மனுப் போடும்போது, மேல்படிப்புக்குப் போகும்போது, பாங்கில் கணக்குத் தொடங்கும்போது என்று அந்தப் புத்தகம் போகாத மேசை இருந்ததில்லை. பிறந்த தேதி, மார்க், உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரை அதில் இருந்தது. வேலை கேட்டுப் போகும் இருபது வயதுப் பெண்ணின் கழுத்து மச்சத்தை முன்பின் தெரியாத குமாஸ்தா படித்துச் சரிபார்ப்பான். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க எழுதினார்கள். புகைப்படம் எல்லோருக்கும் எட்டாத காலம். ஆனால் புகைப்படம் வந்த பிறகும் டி.சி.யில் அங்க அடையாளம் இரண்டு கட்டம் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது 1975-இல். அரசுத் தேர்வுகளுக்கென்று தனி இயக்ககம் ஏற்பட்டதும் அதே வருடம்தான். ரிசல்ட் வரும் நாளில் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எண்கள் வரும், மூக்குப்பொடி அளவு எழுத்தில். பெயர் இருக்காது. தேறியவர் எண் இருக்கும், தேறாதவர் எண் இருக்காது. திருக்கோவிலூரிலிருந்து வரும் சாயங்கால பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்து இறங்கும். டீக்கடையில் ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார், சுற்றிலும் முப்பது பேர் நிற்போம். காலையிலேயே ஹால் டிக்கெட்டை அர்த்தநாரீஸ்வரர் கோயில் குருக்களிடம் கொடுத்துப் பாதத்தில் வைத்து வாங்கி வந்திருப்போம்.

யோசித்துப் பார்த்தால் அந்த எண் ஒரு நல்ல திரை. சென்னையில் பேப்பர் படிக்கும் ஒருவருக்கு 73 ஆயிரத்துச் சொச்சம் என்பது யாரென்று தெரியாது. மார்க்கும் தெரியாது. ஆனால் ஊரில் அந்தத் திரை நிற்கவில்லை. யாருக்கு என்ன எண் என்று தேர்வு தொடங்கிய அன்றே எல்லோருக்கும் மனப்பாடம். என் எண் வந்தது. எனக்கு அடுத்த எண்காரன் எண் வரவில்லை. டீக்கடைக்காரர் என் எண்ணைப் படித்துவிட்டு அவன் எண்ணைத் தாண்டிப் போன அந்த ஒரு நொடியில் முப்பது தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அவன் அன்று இரவு வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் கரும்பு வெட்டும் கும்பலோடு போய்விட்டான் என்று தெரிந்தது. செப்டம்பரில் மறுபடி எழுதியிருக்கலாம். கணக்கில் மட்டும்தான் போயிருந்தது. இரண்டு நாள் அவனுக்கு மட்டும் தெரிந்து, பிறகு அவன் வாயாலேயே ஊருக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பான் என்று இன்றும் நம்புகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் பார்த்து வியந்தது விடைத்தாள்களுக்கு டம்மி நம்பர் போடும் முறை. மாணவரின் பதிவெண் இருக்கும் பகுதியைக் கிழித்துத் தனியாக எடுத்து, கட்டி, முத்திரை வைத்துப் பூட்டிவிடுவார்கள். தாளில் வேறொரு எண் ஏறும். திருத்தும் பேராசிரியருக்குத் தன் மகன் தாளே வந்தாலும் தெரியாது. எண்ணை எண்ணோடு பொருத்தும் அறைக்குள் எங்களில் இரண்டு பேருக்கு மட்டும்தான் அனுமதி. அந்தக் கட்டுப்பாட்டை நாங்கள் பக்தியோடு காப்பாற்றினோம். மார்க் பதிவேட்டில் ஒரு திருத்தம் என்றால் சிவப்பு மையில் அடித்து, அதிகாரி சுருக்கொப்பம் வாங்கி, காரணம் எழுத வேண்டும். ஒரு மார்க்கை மாற்ற எவனும் எங்களை விலைக்கு வாங்கியதில்லை. திருத்தி முடிக்கும் வரை அப்படி மறைத்து வைத்த பெயரை, திருத்தி முடித்ததும் மார்க்கோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் பசை போட்டு ஒட்டினோம். நோட்டை யாரும் திருத்திவிடக் கூடாது என்பதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த காவல். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியதில் என்னை அதிகம் உறுத்துவது உதவித்தொகைப் பட்டியல். கல்வராயன் மலையிலிருந்து பிள்ளைகள் எண்பதுகளில் ஒருவர் இருவராகக் கல்லூரிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். அதற்குச் சில வருடம் முன்புவரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. வெள்ளிமலைப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு, கூட வருவதற்கு ஆளில்லாமல் கீழே இறங்கி வந்த பிள்ளைகள். அந்த மலையில் வாழும் மலையாளி இனத்தார் தென் ஆற்காட்டில் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால் உதவித்தொகை உண்டு. பெயர், வகுப்பு, சாதி, தகப்பனார் வருமானம், தொகை என்று ஐந்து கட்டம் போட்டு நானே எழுதி வாசலில் ஒட்டுவேன். ஒரு பையன் மூன்று மாதம் வகுப்பில் யாரென்று தெரியாமல் எல்லோரோடும் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். பட்டியல் ஒட்டிய மறுநாளிலிருந்து அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. அடுத்த வருடம் அவன் உதவித்தொகைக்கு மனுவே போடவில்லை. ஏன் என்று கேட்டபோது "பேரு ஒட்டுவீங்களே, சார்" என்றான்.

சாதி, சமயம் எழுத விரும்பாத பெற்றோர் பள்ளிப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-லும் 2000-லும் அரசாணைகள் உண்டு. நல்ல ஆணைகள். ஆனால் வெறுமையாக விட முடிவது உதவித்தொகையோ இட ஒதுக்கீடோ தேவைப்படாத வீட்டுக்குத்தான். மலைப் பையன் எழுதியே ஆக வேண்டும். எழுதியே ஆகவேண்டியவனுக்குத்தான் அந்தக் கட்டம் பூட்டுக்குள் இருப்பது அதிக அவசியம். நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது என்று சொன்னது. படித்தபோது என் கையெழுத்தில் இருந்த பட்டியல்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன.

மாணவர் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதற்கு வெளிநாட்டில் சட்டம் வந்தது, நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியதற்கு ஒரு வருடம் முன்னால். 1974-இல் அமெரிக்காவில் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்தார். பிள்ளையைப் பற்றிப் பள்ளி எழுதி வைத்திருப்பதைப் பெற்றோர் பார்க்க முடியாது, வெளியார் பலர் பார்க்கலாம் என்று அங்கே இருந்த நிலையை அந்தச் சட்டம் தலைகீழாக்கியது. பதிவேட்டைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு; பிள்ளைக்குப் பதினெட்டு ஆனாலோ கல்லூரியில் காலடி வைத்தாலோ உரிமை பிள்ளைக்கே. மாணவர் எழுதிக்கொடுத்த சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் அவர் மார்க்கை வெளியாருக்குச் சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் தனியாக உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கு எனக்கு நம் வகுப்பறை போலவே தெரிந்தது. ஓக்லஹோமாவில் ஒவாசோ என்ற ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் தாளை மாற்றிக்கொண்டு திருத்துவார்கள். ஆசிரியர் கேட்டால் மார்க்கைச் சத்தமாகச் சொல்வதும் உண்டு. தன் பிள்ளை அவமானப்படுகிறது என்று ஒரு தாய் வழக்குப் போட்டார்; அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: பிள்ளை திருத்திய தாள் இன்னும் பள்ளியின் பதிவேடு ஆகவில்லை, எனவே சட்டம் மீறப்படவில்லை. சட்டத்தின் சொல்லுக்கு அது சரியாக இருக்கலாம். "முப்பத்தஞ்சுக்குப் பன்னெண்டு, வந்து வாங்கிட்டுப் போ" என்று வாத்தியார் சத்தம் போட, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போன யாருக்கும் அந்தத் தாயின் வலி புரியும்.

நம் நாட்டில் தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு இது நீதிமன்றத்துக்குப் போனது. தன் விடைத்தாளைத் தான் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1978-இல் பி.ஏ. தேறிய எல்லோருடைய பதிவேட்டையும் காட்டச் சொல்லி மத்திய தகவல் ஆணையம் 2016-இல் உத்தரவு போட்டது. பிரதமர் நரேந்திர மோடி பட்டம் பெற்றதாகப் பல்கலைக்கழகம் சொல்லும் வருடம் அது. அந்த உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 ஆகஸ்ட் 25 அன்று ரத்து செய்தார். மார்க்கும் பட்டமும் தனிப்பட்ட தகவல், மாணவர் நம்பி ஒப்படைத்ததைப் பல்கலைக்கழகம் காக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பொதுவாழ்வில் இருப்பவர் விஷயத்தில் அது சரியா என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள், வாதாடட்டும். என் கோரிக்கை வேறு. பிரதமருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு வெள்ளிமலைப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அவள் பெயரில் டெல்லி வரை வாதாட வக்கீல் வரமாட்டார். அவளுக்கு இருப்பது அலுவலகக் குமாஸ்தா மட்டும்தான்.

எங்கள் பக்கத்துப் பட்டதாரிகளின் பதிவேடு ஒரே இடத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2002 வரை எங்கள் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அந்த வருடம் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. 2021-இல் விழுப்புரத்தில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, அதே வருடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. ஒரே வீட்டில் அப்பாவின் மார்க் பதிவு சென்னையில், மகளுடையது வேலூர் சேர்க்காட்டில், பேரனுடையது சிதம்பரத்தில். ஒவ்வொரு மாற்றத்திலும் கட்டுக்கட்டாகக் காகிதமும் பிறகு கணினிக் கோப்பும் கை மாறின. அத்தனை கைகளில் எது பூட்டியது, எது திறந்துவைத்தது என்று அந்த மாணவர் யாரிடம் போய்க் கேட்பார்?

2022 ஜூலை 17 அன்று எங்கள் மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், ஒரு பள்ளி மாணவியின் மரணத்தை ஒட்டிய கலவரத்தில் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. பேருந்துகள் எரிவதைத்தான் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. நான் எரிந்த சான்றிதழ்களை நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தமே இல்லாத பிள்ளைகளின் டி.சி.யும் மார்க் சான்றிதழும் அலுவலகத்தில் இருந்து எரிந்தன. மறுபடி சான்றிதழ் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதே நாட்களில், இறந்துபோன பிள்ளையின் படிப்பையும் குணத்தையும் பற்றி, அவளைப் பார்த்தே இராதவர்கள் யூடியூபில் மணிக்கணக்கில் பேசினார்கள். எரித்தவர்களும் பேசியவர்களும் அவளுக்கு நியாயம் கேட்பதாகத்தான் சொன்னார்கள்.

டீக்கடைப் பேப்பர் போய்விட்டது. பதிவெண்ணோடு பிறந்த தேதியும் போட்டால்தான் இணையத்தில் ரிசல்ட் வரும். 2017-இல் தமிழ்நாடு மாநில முதலிடப் பட்டியலை நிறுத்தியது; மாணவர் கைபேசிக்கே மார்க் வந்தது. என் பணிக்காலத்துக்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு மிகவும் நிம்மதி தந்தது அதுதான். ஆனாலும் என் தங்கை பேத்தி பிளஸ் டூ தேறியபோது, ரிசல்ட் வருவதற்கு முன்பே தனியார் கல்லூரிகளிலிருந்து பேரைச் சொல்லி அழைப்பு வந்தது. எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய மார்க்கும் ஒரே பட்டியலாக வருகிறது. அன்று முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். இன்று எத்தனை பேர் என்று பிள்ளைக்கே தெரியாது. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ராஜபத்திரத்தில் இருக்கிறது. பட்டியலை அனுப்பும் விரல் அலுவலக நாற்காலியில் இருக்கிறது.

அந்த நாற்காலியில் இன்று இருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில சொற்கள். ஒருவரின் பட்டம் உண்மையா என்று வேலை கொடுப்பவர் உண்மைத்தன்மைச் சான்று கேட்டால், கேட்ட கடிதத்தில் மாணவரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உண்மை அல்லது உண்மை அல்ல என்று எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். உதவித்தொகை வந்திருந்தால் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மார்க்கை அவரவர்க்கு மட்டும் அனுப்புங்கள். கல்யாணம் பேசுகிறோம் என்று உங்கள் அப்பாவுக்கு வேண்டியவரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாலும், "அந்தப் பொண்ணையே கேளுங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த 1987 பதிவேடு இன்னும் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும். சாவி உங்களில் ஒருவரிடம்தான் இருக்கிறது.